வெண்பலகைச் சுவரும் நீலப் பேருந்தும்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் கணக்குச் செய்து பழகட்டும் என்று, கோண்டாவில் வீட்டின் முன்னறைச் சுவரில், மாக்கரால் எழுதி அழிக்கக்கூடிய வெண்பலகைப் பெயின்ற் பூசத் துணிந்தது என்னுடைய பிழைதான். இரண்டு பேணிகளில் வரும் அந்தத் திரவங்களை ஒன்றாகக் கலந்துவிட்டால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். பிந்தினால் கலவை பேணிக்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். அரத்தாளால் தேய்த்து மட்டமாக்கிவிட்டதாக நான் நம்பியிருந்த பழைய சீமெந்துச் சுவர், பூச்சுக் காய்ந்ததும் தன் மேடுபள்ளங்களையெல்லாம் பளபளவென்று காட்டிக்கொடுத்தது. (மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அம்மா இரண்டு இரவும் விறாந்தையில்தான் படுத்தார்.)

எழுதுவதற்கு முன் ஒரு கிழமையாவது சுவரை இறுக விடவேண்டும் என்று பேணியில் அச்சிட்டிருந்ததை வாசித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். மூன்றாம் நாளே அக்காவின் சின்னவன் நீல மாக்கரால் பெரிய பேருந்து ஒன்றை வரைந்துவிட்டான். ஈரத்துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டும் துடைத்தேன். சில்லுகள் இரண்டும் மங்கிய நீலத்தில் அப்படியே நிற்கின்றன. மகளோ பழையபடி கொப்பியில்தான் கணக்குச் செய்கிறாள்.