சம்பளச் சீட்டு மட்டும் போதாது
வேலை பார்த்த நேரத்துக்குச் சம்பளம் குறைந்தால் கேட்டு வாங்க, சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தினாலே போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, அதில்தான் எனக்குச் சந்தேகம், ஏனென்றால் சீட்டை அடிப்பதே முதலாளி தரப்பு, மணிக்கணக்கு அங்கேயே தப்பாக ஏறியிருந்தால் அது அவர்களுக்குத்தான் சாட்சி சொல்லும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஷிப்ட் முடிந்தபின் கணக்கு ஒப்படைக்க ஆகும் 20 நிமிடத்தைச் சேர்க்கவே மாட்டார்கள். 20 நிமிடம்தானே என்று நானும் விட்டிருந்தேன், ஒருநாள் உட்கார்ந்து பெருக்கினால் மாதம் 26 நாளுக்கு 8 மணி 40 நிமிடம், அதாவது ஒரு முழுநாள் வேலை சும்மா போயிருக்கிறது! அப்புறம் ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் அன்றன்றே எழுத ஆரம்பித்தேன். வாயால் மூன்று தடவை கேட்டபோது "பார்க்கலாம்" என்றவர்கள், தேதி, மணி, வரவேண்டிய தொகை என்று மெயிலில் போட்டதும் நேரம் பதியும் மெஷின் கோளாறு என்று சொல்லி அடுத்த மாதமே திருத்தினார்கள் (மெஷின் ஒரு தடவைகூட எனக்குச் சாதகமாகக் கோளாறு ஆனதில்லை). அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'பேசாமல் வேலையை விட்டுவிடுங்கள்' என்கிறார். விடலாம், ஆனால் போகும்போது "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள், கணக்கைச் சரிபார்க்காமல் அதில் கையெழுத்துப் போட்டால் பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம். புகார் கொடுக்கவும் பல நாடுகளில் காலக்கெடு உண்டு, அதனால் முதலில் அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள்.