எல்லோரும் திருப்பி அனுப்பிய பாட்டுகளின் கம்பெனி

இரவு வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்கிற பாட்டுகள் சில உண்டு. அதில் அமெரிக்கப் பாடகி டாரதி மோர் பாடிய 'மிஸ்டி ப்ளூ' கட்டாயம் இருக்கும். பிரிந்து போனவனை மறக்க முடியாத ஒருத்தியின் பாட்டு. குரலை எங்கேயும் உயர்த்திக் காட்டாமல், அடக்கி அடக்கிப் பாடியிருப்பார். இப்படி ஒரு பாட்டு பதிவான பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக டேப்பில் சும்மா கிடந்தது, கேட்ட கம்பெனிகளெல்லாம் வேண்டாம் என்றன என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. அதை வெளியிட்ட மலாகோ ரெக்கார்ட்ஸ் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகையான சோல் இசை என்றால் டெட்ராய்டின் மோட்டவுன், மெம்பிஸின் ஸ்டாக்ஸ் என்று இரண்டு ரெக்கார்டு கம்பெனிகளின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்து மலாகோவை மூன்றாவதாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஹிட் பாட்டுகளின் எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்லவில்லை. இந்தப் பாட்டைக் கேட்க இனி ஆள் இல்லை என்று பெரிய கம்பெனிகள் கைவிட்ட மக்களுக்காகப் பல வருடம் தொடர்ந்து ரெக்கார்டு போட்ட கம்பெனி அது.

ஆரம்பத்தில் அது ரெக்கார்டு கம்பெனியே கிடையாது. கல்லூரி விழாக்களுக்குப் பாட்டுக் குழுக்களை ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த டாமி கௌச், மிட்செல் மலூஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1962-இல் தொடங்கிய புக்கிங் ஏஜென்சி. மலூஃப், கௌச் என்ற இரண்டு பெயரையும் ஒட்டி வைத்ததுதான் மலாகோ. கௌச்சின் கல்லூரி நண்பர் வுல்ஃப் ஸ்டீஃபன்சனும் சேர்ந்துகொண்டார். 1967-இல் ஜாக்சனில் ஒரு ஸ்டூடியோவைத் திறந்தார்கள். 1969-இல் மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவல் என்ற வயதான ப்ளூஸ் (கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வகை) கலைஞர் அங்கே வந்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். 'நான் ராக் அண்ட் ரோல் வாசிப்பதில்லை' என்பதுதான் அந்த ஆல்பத்தின் பெயரே. அது கேப்பிட்டல் கம்பெனி வழியாக வெளியானது. ஆனாலும் ஸ்டூடியோவில் பணம் நிற்கவில்லை. விளம்பர இசை, வாடகைக்குப் பதிவு என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

1970 மே மாதத்துக்கு வருகிறேன். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வார்டெல் கெஸேர் ஒரு பெரிய இசை அமைப்பாளர். இரவல் வாங்கிய ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஐந்து பாடகர்களை ஏற்றிக்கொண்டு ஜாக்சனுக்கு வந்தார். அந்த ஒரே அமர்வில் கிங் ஃப்ளாயிட் பாடிய 'க்ரூவ் மீ'யும் ஜீன் நைட் பாடிய 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்'பும் பதிவாயின. கிங் ஃப்ளாயிட் அப்போது தபால் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜீன் நைட் ஒரு பல்கலைக்கழக கேன்டீனில் ரொட்டி சுடுகிற வேலையில் இருந்தார்.

அதே ஊரில் அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. மே 15 அதிகாலையில் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டதில் கறுப்பின இளைஞர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். பெண்கள் விடுதியின் சுவரெல்லாம் குண்டு துளைத்த தடம். அந்த ஊரில், அந்த நாட்களில், ஒரு ஸ்டூடியோவுக்குள் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, டேப்புகளை எடுத்துக்கொண்டு ஸ்டாக்ஸிடம் போனார்கள், அட்லாண்டிக் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியிடம் போனார்கள். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் சிம்னிவில் என்று ஒரு சொந்த லேபிளை (ரெக்கார்டு வெளியிடும் பெயரை) உண்டாக்கி 'க்ரூவ் மீ'யை வெளியிட்டார்கள். அதுகூட ரெக்கார்டின் மறுபக்கப் பாட்டுதான். நியூ ஆர்லியன்ஸ் ரேடியோக்காரர்கள் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டார்கள், ஊரே அதைக் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் கறுப்பின மக்களின் பாட்டுகளுக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். வேண்டாம் என்ற அட்லாண்டிக்கே விநியோகத்தை எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்த பிறகு ஸ்டாக்ஸ் 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்'பை வாங்கி வெளியிட்டது. 1971-இல் அது ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்துக்கும், பாப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கும் வந்தது.

'மிஸ்டி ப்ளூ' கதையும் இதே மாதிரிதான். டாரதி மோர் ஜாக்சனில் பிறந்தவர், அதே ஜாக்சன் ஸ்டேட்டில் படித்தவர். பாட்டு 1973-இல் பதிவானது. 1975 கடைசியில் மலாகோவிடம் காசே இல்லை. ரெக்கார்டு அச்சடித்து ரேடியோக்களுக்குத் தபாலில் அனுப்ப மட்டும் போதுமான பணம் இருந்தது. இருந்ததை இந்தப் பாட்டின் மேல் வைத்தார்கள். அந்த டிசம்பரில்தான் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் திவாலாகி மூடப்பட்டது. ஜாக்சனிலிருந்து போன 'மிஸ்டி ப்ளூ' 1976-இல் அமெரிக்க பாப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. பிரிட்டனில் ஐந்தாம் இடம். கம்பெனி பிழைத்தது.

அப்புறம் டிஸ்கோ வந்தது. அதற்கும் மலாகோ ஸ்டூடியோ ஒரு பாட்டைக் கொடுத்தது. அனிதா வார்டின் 'ரிங் மை பெல்' அங்கே பதிவானதுதான், 1979-இல் முதலிடம் பிடித்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு அடுத்து அவர்கள் எடுத்த முடிவு.

1980-களின் தொடக்கத்தில் பெரிய கம்பெனிகள் நாற்பது வயதைத் தாண்டிய சோல், ப்ளூஸ் பாடகர்களை வரிசையாகக் கைவிட்டுக்கொண்டிருந்தன. காலம் மாறிவிட்டது, இளைஞர்கள் இதைக் கேட்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தென் மாநிலங்களில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு சனிக்கிழமை இரவு கிளப்புக்கு வருகிற கறுப்பின மக்கள் எங்கேயும் போய்விடவில்லை. அவர்களுக்கும் வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். குடும்பம், கடன், கள்ள உறவு, தனிமை என்று பாடச் சொல்லவும் கேட்கவும் நிறைய இருந்தது. புதுப் பாட்டுதான் யாரும் போடவில்லை.

மலாகோ போட்டது. ஜார்ஜ் ஜாக்சன் எழுதிய 'டவுன் ஹோம் ப்ளூஸ்' பாட்டை ஸீ ஸீ ஹில் பாடினார். அந்தப் பாட்டோடு 1982-இல் வந்த ஆல்பம் பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் சோல் பட்டியலில் ஏறக்குறைய 2 ஆண்டுகள் இருந்தது. ப்ளூஸ் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. 1984-இல் ஹில் 48 வயதிலேயே இறந்துபோனார். அதற்குள் வழி திறந்துவிட்டது. டெனிஸ் லசால், லிட்டில் மில்டன், லாட்டிமோர், பாபி ப்ளூ ப்ளாண்ட், ஷெர்லி ப்ரவுன், ஜானி டெய்லர் என்று ஒவ்வொருவராக மலாகோவுக்கு வந்தார்கள். இத்தனைக்கும் ஜானி டெய்லர் 1976-இல் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்காக 'டிஸ்கோ லேடி' பாடி, விற்பனைக்கான பிளாட்டினம் சான்று வாங்கிய முதல் சிங்கிளைக் (தனிப்பாட்டு ரெக்கார்டை) கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவருக்கே மலாகோதான் கடைசி வரை வீடாக இருந்தது. 2000-இல் அவர் இறந்தபோதும் அவர் மலாகோ பாடகர்தான்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கௌச், ஸ்டீஃபன்சன் இருவரின் துணிச்சல் கதையாகவே சொல்கிறார்கள். அவர்கள் துணிந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலாளிகள் வெள்ளையர்கள், பாடியவர்கள் கறுப்பர்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று பாருங்கள். பஸ்ஸில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தவர் வார்டெல் கெஸேர். பாட்டு எழுதியவர் ஜார்ஜ் ஜாக்சன். ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்குப் போய் ரெக்கார்டைப் போட வைத்தவர் டேவ் கிளார்க். அவர் 1909-இல் பிறந்தவர். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர்தான் அந்தக் கம்பெனிக்காக ரோட்டில் அலைந்தார். காஸ்பெல் என்ற கிறிஸ்தவ பக்திப் பாட்டுப் பக்கம் ஃப்ராங்க் வில்லியம்ஸ். மிசிசிப்பி மாஸ் கொயர் என்ற பாட்டுக் குழுவை உருவாக்கியவர் அவர், அதன் முதல் ஆல்பம் 1989-இல் காஸ்பெல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இந்த நான்கு கறுப்பர்களின் பெயரையும் முதல் பத்தியிலேயே சொல்லாத எந்த மலாகோ வரலாறும் எனக்குப் பாதி வரலாறுதான்.

1985-இல் அலபாமாவின் புகழ்பெற்ற மஸில் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டூடியோவையும், அடுத்த வருடம் காஸ்பெலில் பழைய பெயரான சவாய் ரெக்கார்ட்ஸையும் மலாகோ வாங்கியது. ஒரு காலத்தில் வாடகைக்குப் பதிவு செய்து பிழைத்த கம்பெனி மலாகோ என்பதை நினைவில் வைத்து இதைப் படியுங்கள்.

2011 ஏப்ரல் 15 அன்று ஒரு டொர்னேடோ (சுழல்காற்று) ஜாக்சனில் இருந்த மலாகோ ஸ்டூடியோவை உடைத்துப் போட்டது. படங்களைப் பார்த்திருக்கிறேன், கூரை போய், சுவர் சரிந்து, பார்க்கவே மனசு கனத்துவிட்டது. மூலப் பதிவுகளான மாஸ்டர் டேப்புகள் தனியாக ஒரு கான்கிரீட் அறையில் இருந்ததால் தப்பின. அதே இடத்தில் திரும்பவும் கட்டினார்கள்.

மலாகோ தன்னை 'கடைசி சோல் கம்பெனி' என்று சொல்லிக்கொள்ளும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நேரம் கிடைத்தால் இன்று இரவு 'மிஸ்டி ப்ளூ'வையும் 'டவுன் ஹோம் ப்ளூஸ்'ஸையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று கமென்டில் சொல்லுங்கள்.