கொலு பொம்மையும் போன் புலம்பலும்

கொலுவுக்குப் போன இடத்தில் என் நாலு வயதுப் பையன் பெரியம்மா வீட்டுச் செட்டியார் பொம்மையைத் தட்டிவிட்டான், தலை தனியாகப் போய்விட்டது. அவர் மாமியார் காலத்துப் பண்ருட்டி பொம்மை, அந்த வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. உடனே மன்னிப்புக் கேட்டோம், அவனையும் கேட்க வைத்தோம், வேறு வாங்கித் தருகிறோம் என்றும் சொன்னோம். "சின்னக் குழந்தைதானே, விடும்மா" என்று சிரித்துக்கொண்டே சுண்டலைக் கையில் கொடுத்தார்.

சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தால், மறுநாளிலிருந்து சித்தி, அத்தை, மதுரை மாமா வரைக்கும் போன் போட்டு, பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று ஒரே பேச்சு! கோபம் இருந்தால் என்னிடம் நேரே சொல்லலாமே, கேட்டுக்கொள்வேன். செட்டியார் கடையைக் கீழ்ப்படியில், அரிசி பருப்பு எல்லாம் குட்டிக் குட்டியாகப் பரப்பி, கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தால் எந்தக் குழந்தைதான் தொடாது? பொம்மை உடைந்தது அபசகுனம் என்று அவன் காதுபடவே வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொம்மைக்கு என்ன விலை கேட்டாலும் தருகிறேன். ஆனால் நாலு வயதுப் பிள்ளையிடம் போய் அபசகுனம் என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை.