எட்சியோ கிரெஜ்ஜோ கனாலே 5-இல் தொடங்கியவர் அல்ல
இத்தாலிய நகைச்சுவை நடிகரும் டிவி தொகுப்பாளருமான எட்சியோ கிரெஜ்ஜோவைப் பற்றி, "அவரை உருவாக்கியதே தொழிலதிபர் பெர்லுஸ்கோனியின் தனியார் சேனலான கனாலே 5தான், ஸ்த்ரிஷா லா நொத்தீட்சியா என்ற செய்தி நையாண்டிதான் அவருடைய முதல் நிகழ்ச்சி" என்று சொல்கிறார்கள். பாதி தப்பு.

மனிதர் 1954-இல் வட இத்தாலியின் பியெல்லா நகருக்குப் பக்கத்திலுள்ள கொஸ்ஸாத்தோவில் பிறந்தவர், டிவிக்கு வந்ததும் அந்த ஊர்ப்பக்கத்து டெலேபியெல்லாவில்தான். அது சும்மா ஒரு குட்டி லோக்கல் சேனல் இல்லை. டிவி ஒளிபரப்பெல்லாம் அரசின் ராய் நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில், 1970-களின் தொடக்கத்திலேயே கேபிள் இழுத்து நிகழ்ச்சி போட்டு, 1973-இல் அரசாங்கம் மூடச் சொல்லுமளவுக்குத் தகராறு பண்ணிய சேனல். அப்புறம் 1978-இல் ராயில் 'லா ஸ்பெர்லா' என்ற நிகழ்ச்சி. நாடறிந்த ஆளானது 1983-இல் வந்த 'டிரைவ் இன்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி மூலம், அதுவும் பெர்லுஸ்கோனியின் இன்னொரு சேனலான இத்தாலியா 1-இல். (அதில் தெயொமொந்தோ ஸ்க்ரொஃபாலோ என்று ஒரு கற்பனை ஓவியரின் படத்தை ஏலம் விடுவார், இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும்.)

ஸ்த்ரிஷாவும் 1988-இல் சக நகைச்சுவை நடிகர் ஜான்ஃப்ராங்கோ தாஞ்செலோவோடு இத்தாலியா 1-இல்தான் ஆரம்பித்தது, கனாலே 5-க்கு மாறியது அடுத்த வருடம். அதில் அவர் என்ட்ஸோ யாக்கெத்தியோடு ஜோடி சேர்ந்தது 1994-இல்தான். பெர்லுஸ்கோனி சேனல்கள் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கின என்றால் சரி, அதை மறுக்கவில்லை.