கைவேலைத் திறமையும் தேவன் தந்ததுதான்: யாத்திராகமம் 31ஐப் பாருங்கள்

பிரசங்கம், ஜெபம், பாடல் இவற்றுக்கு மட்டுமே தேவ ஆவியானவர் திறமை தருகிறார், மற்ற தொழில்திறமை எல்லாம் உலகக் காரியம், ஊழியத்தில் சேராது, அப்படித்தான் வேதம் சொல்கிறது என்று மேலே ஒரு பிரதர் எழுதியிருக்கிறார். பலர் ஆமென் போட்டுப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பிரதர், வேதம் அப்படிச் சொல்லவில்லை. யாத்திராகமம் 31:1-5ஐ எடுத்துப் பாருங்கள். பெசலெயேல் என்பவரைத் தேவ ஆவியால் நிரப்பியதாகக் கர்த்தரே மோசேயிடம் சொல்கிறார். எதற்கு? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்ய, கல் பதிக்க, மரத்தைச் செதுக்க. அடுத்த வசனத்திலேயே துணையாள் அகோலியாப் வருகிறார். 35:34ல் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரமும் இந்த இருவருக்கும் தரப்பட்டதாக இருக்கிறது. சீஷப்பிள்ளைக்குத் தொழில் பழக்குவதுகூட இதில் அடக்கம், இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

சரி பார்ப்பது சுலபம். வீட்டில் இருக்கும் எந்தத் தமிழ் வேதாகமமும் போதும். கத்தோலிக்க வீடுகளில் உள்ள பொது மொழிபெயர்ப்பில் இதே நூல் விடுதலைப் பயணம் என்ற பெயரில் இருக்கும், அதிகார எண் அதேதான். ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் 31ஐயும் 35ஐயும் முழுசாகப் படியுங்கள்.

பெரம்பூரிலோ ராயபுரத்திலோ ஆராதனைக்கு முன்பே வந்து மைக் ஒயரை இழுத்துக் கட்டுகிற எலக்ட்ரீஷியன் தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுத்த வாரம் தயங்கி நிற்கக்கூடும். தயவுசெய்து அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள், பிரதர்.