பெரட்டு இல்லாத நிவாரணம்

போன வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி வந்தது. “அவசரம்!! லாபிஸ் நிவாரண மையத்தில் கைகுழந்தைகளுக்கு பெம்பர்ஸ் இல்லை. எம், எல் சைஸ் உடனே தேவை. தயவுசெய்து பகிரவும்.” அனுப்பியது ஈப்போவில் இருக்கும் என் தங்கை மகன். “மாமா, உங்க ஊர்ல மறுபடியும் வெள்ளமா?” என்று கீழே கேட்டிருந்தான். லாபிஸ், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் என் ஊர்.

வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். கடைவரிசை அஞ்சடியில் நாய்கூட நிழல் பார்த்துப் படுத்திருந்தது.

அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான். 2023 மார்ச் மாதம் எழுதியது. ‘கைக்குழந்தை’யில் ஒற்று விட்டதுகூட என் கைவண்ணம்தான். ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் வாசலுக்கே வந்து நிற்கிறது. அதில் தேதி இல்லை, நேரம் இல்லை, எத்தனை பாக்கெட் என்று இல்லை, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றும் இல்லை. முப்பத்தொரு வருஷம் தோட்டத்து ஸ்டோர் கிராணியாக (கணக்குப் பிள்ளையாக) இருந்தவன் எழுதிய லட்சணம் இது. ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை உரம் வெளியே போக வேண்டும் என்றால் தேதி, அளவு, எந்தக் காட்டுக்கு, யார் கையெழுத்து எல்லாம் பார்த்துத்தான் சாவியை எடுப்பேன். வெள்ளம் வந்ததும் அத்தனையும் மறந்து போச்சு.

மையத்தில் அன்றைக்கு இருந்த கைக்குழந்தைகள் ஏழு. மறுநாள் மத்தியானத்துக்குள் வேண்டியது வந்துவிட்டது. அப்புறமும் கிள்ளானிலிருந்து, சிரம்பானிலிருந்து, ஜொகூர் பாருவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. மண்டபத்து மேடையில் பெம்பர்ஸ் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. “போதும், இனி அனுப்ப வேண்டாம்” என்று நானே இன்னொரு செய்தி போட்டேன். அதை ஒருத்தரும் பகிரவில்லை. அழவைக்கிற செய்திக்குத்தான் கால் முளைக்கிறது.

அடுத்த மழை வருவதற்குள் இதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மார்ச்சில் ஜொகூர் முழுக்க 40,000 பேருக்கும் மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். சிகாமட் பக்கம், யோங் பெங் பக்கம், பத்து பகாட் பக்கம், எங்கும் தண்ணீர். பத்து பகாட்டில் வாரக்கணக்கில் வடியவே இல்லை. உதவிக்குக் குறைவில்லை, அதைச் சொல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். கோயில் நிர்வாகங்கள், சீனர் சங்கங்கள், மசூதிக்காரர்கள், கட்சிக் கிளைகள், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், மோட்டார் சைக்கிள் கிளப் பையன்கள் என்று லோரி லோரியாக வந்தார்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்து, இறக்கி வைத்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போன பிள்ளைகளை நான் பார்த்தேன்.

மண்டபத்தில் எங்கள் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருத்தர் பாயில் உட்கார்ந்திருந்தார். ஐசியை (அடையாள அட்டையை) பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். முதலில் சமூகநல இலாகா பெண் வந்து பேர் எழுதிக்கொண்டு போனார். அது முறை, எழுதத்தான் வேண்டும். அப்புறம் ஒரு குழு டேப்லெட்டில் தட்டிக்கொண்டு போனது. இன்னொரு குழு பாரம் நிரப்பிப் படமும் எடுத்துக்கொண்டது. நாலாவதாக, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் பிள்ளை வந்து குனிந்தாள். “ஏம்மா, இந்த ஐசி நம்பரை நெத்தியில எழுதி ஒட்டிக்கவா?” என்றார் பாட்டி. பக்கத்துப் பாயெல்லாம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “நாலு பேரு பேரு கேட்டாச்சு. என் ஊசி மருந்து எங்கன்னு ஒருத்தரு கேக்கல.” அவருடைய இன்சுலின், தண்ணீருக்குள் இருந்த வீட்டில், பிரிட்ஜ் கதவில் இருந்தது. கடைசியில் போட்டுக்கொண்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

ஒரே மண்டபத்தில் நாலு பட்டியல். ஒரு பட்டியல் இன்னொன்றின் முகத்தைப் பார்த்ததில்லை.

இதைவிட மோசம் உள்ளே இருந்த தோட்டத்து லயத்தில் நடந்தது. செம்பனைக் காட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர். நம் குடும்பங்கள் நாலைந்து, மீதி வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். பாதை முறிந்துபோய் இரண்டு நாள் அவர்களிடம் யாரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். “அங்க அவங்க போயிருக்காங்கன்னு சொன்னாங்களேண்ணே” என்றார்கள் கோயில் பையன்கள். அந்த ‘அவங்க’, இவர்கள் போயிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் டிராக்டரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குச் சற்று முன்னால் யாரோ படகில் கொண்டுபோய்ப் போட்ட ஐந்து பெட்டி மேகி மீ இருந்தது. கேஸ் தோங் (சிலிண்டர்) மிதந்து போயிருந்தது, விறகெல்லாம் ஈரம். பிள்ளைகள் மேகியை நொறுக்கி, மசாலாத் தூளைத் தூவி முறுக்கு மாதிரி தின்றுகொண்டிருந்தார்கள்.

வயசானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இளசுகளுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் பெரட்டு என்று ஒன்று நடக்கும். இருட்டில் எல்லாரும் களத்தில் கூடி நிற்பார்கள். மண்டோர் பேர் கூப்பிடுவார். இன்றைக்கு யார் யார் வந்தார்கள், எந்தக் காட்டில் எந்த நிரை (மர வரிசை) யாருக்கு, நேற்று எங்கே நின்றுபோனது, இன்று எங்கிருந்து தொடங்குவது, எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரே ரப்பர் மரத்தில் இரண்டு பேர் பால் வெட்டுவதும் நடக்காது, ஒரு நிரை முழுக்க வெட்டாமல் விட்டுப்போவதும் நடக்காது. நிவாரண வேலையில் எங்களிடம் இல்லாமல் போனது அந்தக் கால் மணி நேரம்தான்.

“அண்ணே, பெரட்டுல தொர இருந்தான், மண்டோர் இருந்தான், சொன்னா கேட்டோம். இங்க யாரு யார் சொல்லிக் கேப்பா?” என்று என் நண்பர் ஒருவர் டீக்கடையில் மடக்கினார். நியாயமான கேள்வி. உலக அளவிலும் இதே சிக்கல்தான் இருக்கிறது. ஐநா பொதுச்சபை 1991 டிசம்பரில் ஒரு தீர்மானம் போட்டு, பேரிடர் உதவிகளை ஒருங்கிணைக்க ஓர் ஏற்பாடு செய்தது. இன்றைக்கு அந்த வேலையைப் பார்க்கும் ஐநா அலுவலகத்துக்கும்கூட யாரையும் “நீ அங்கே போகாதே” என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. கூப்பிடலாம், உட்கார வைக்கலாம், தகவலைத் திரட்டி எல்லாருக்கும் காட்டலாம். அவ்வளவுதான். துரை இல்லாத பெரட்டு.

அது சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் தமிழர்கள் கண்ணால் பார்த்தோம். என் தாத்தா மலாயாவுக்கு ரஜூலா கப்பல் ஏறியது நாகப்பட்டினத்தில். அதனால் 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் வீட்டில் தூரத்துச் செய்தியாக இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் வந்து இறங்கின. பழைய துணி மலை மலையாகச் சாலையோரத்தில் கிடந்தது. கடலை நம்பித் தலைநிமிர்ந்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அடுத்தவர் உடுத்திக் கழித்ததைத் தொடவில்லை. தொடவும் கூடாது என்றுதான் நான் சொல்வேன்.

அதே நாகையில்தான் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2005 ஜனவரி தொடக்கத்திலேயே தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் வேறு சில அமைப்புகளும் மாவட்ட ஆட்சியர் தரப்போடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் திறந்தார்கள். எந்தக் கிராமத்தில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே இன்னும் யாரும் போகவில்லை என்று ஓர் இடத்தில் கேட்டால் தெரியும்படி செய்தார்கள். அதில் மீனவர் சங்கத்து ஆட்கள் முன்னால் நின்றதுதான் எனக்குப் பிடித்தது. கட்டுமரம் எது, ஃபைபர் படகு எது, எந்த வலை எந்த மீனுக்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படியும் பிற்பாடு படகுகள் தேவைக்கு மேல் குவிந்தன. படகு கொடுத்தால் படம் நன்றாக வரும், என்ன செய்வது.

அந்தச் சுனாமிக்குப் பிறகு ஐநாவும் கொஞ்சம் திருந்தியது. 2005இல் ‘கிளஸ்டர்’ என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். வேலையைத் துறைதுறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். சுகாதாரத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம், தண்ணீருக்கும் கழிவறைக்கும் யூனிசெப், சாமான் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம், இப்படி. அந்த வருஷம் அக்டோபர் 8 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில்தான் முதல் தடவை நடைமுறைக்கு வந்தது. நம் பாஷையில் சொன்னால், நிரை பிரித்துக் கொடுத்தார்கள்.

ஆனால் 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கம் வந்தபோது அந்தக் கூட்டங்கள் ஐநா முகாம் வேலிக்குள் நடந்தன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஹைத்தி மக்கள் பேசுவது கிரியோல். உள்ளூர் அமைப்புகள் பலவற்றுக்கு வாசல் தாண்டுவதே பெரிய பாடாக இருந்தது, தாண்டிப் போனாலும் பேச்சு புரியவில்லை. அவர்கள் ஊர், அவர்கள் செத்தவர்கள், கூட்டம் மட்டும் வேறு யாருடையதோ. அதே நேரத்தில் 4636 என்ற குறுஞ்செய்தி எண் ஒன்று இருந்தது. ஜனங்கள் தங்கள் கிரியோலிலேயே உதவி கேட்டு எழுத, வெளிநாட்டில் இருந்த ஹைத்திக்காரர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். பாட்டியின் ஊசி மருந்து அப்படி ஒரு வழியில்தான் வெளியே தெரிய வரும். டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கிராணிப் புத்திக்குப் பிடித்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் ருவாண்டா அகதிகள் பக்கத்து நாட்டில் (இன்றைய காங்கோ) கோமா நகரப் பகுதியில் குவிந்தபோது காலராவும் வயிற்றுப்போக்கும் வந்து ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 50,000 பேர் செத்தார்கள். அங்கே உதவி செய்யப்போன அமைப்புகளுக்குள் எது போதும், எது போதாது என்பதில் ஒத்த கணக்கு இல்லை. அந்தப் பாடத்தில்தான் ‘ஸ்பியர்’ என்ற பொது அளவுகோல் 1997இல் தொடங்கியது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை என்று போகிறது அது. அளவு தெரிந்தால்தான் ‘போதும்’ என்று சொல்ல முடியும். ஏழு குழந்தை, நாளைக்கு ஆறு பெம்பர்ஸ், பத்து நாள். 420. நான் எழுதியிருக்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

நம் நாட்டில் ஏற்பாடே இல்லை என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2014 கடைசியில் கிளந்தான் பக்கம் வந்த பெருவெள்ளத்தில் 200,000 பேருக்கு மேல் இடம்பெயர்ந்த பிறகு, 2015 அக்டோபரில் நாட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் அமைக்கப்பட்டது. மாவட்ட அளவில் பேரிடர்க் குழு இருக்கிறது, மாவட்ட அதிகாரிதான் தலைவர். போலீஸ், தீயணைப்பு, பொதுத் தற்காப்புப் படை, சமூகநலம் எல்லாரும் அந்த மேசையில் உண்டு. எந்த மையத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு தினமும் வெளியே வருகிறது.

அந்த மேசையில் நாம் இல்லை. யாரும் தடுக்கவில்லை, நாம்தான் போவதில்லை. எங்கள் கோயில் நிர்வாகத்தில் பதினோரு பேர் (நானும் ஒருவன், தப்பித்துக்கொள்ள மாட்டேன்). வெள்ளம் வந்தால் எல்லாருக்கும் தெரிந்தது லோரி பிடிப்பதும் பேனர் அடிப்பதும்தான். அந்த மார்ச்சில் பேனர் கட்ட எங்களிடம் கயிறு இருந்தது, லயத்தில் தார்ப்பாய் கட்டக் கயிறு இல்லை. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, பேனர் கயிற்றை அவிழ்த்துத்தான் கொண்டுபோனோம். தண்ணீர் வடிந்த ஐந்தாம் நாள் ஜனங்கள் கேட்டது வெளக்கமாறு, மண்வெட்டி, தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ். அதற்குள் லோரியெல்லாம் அடுத்த ஊருக்குப் போயிருந்தன.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் மண்டபத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறோம், 180 வெள்ளி (ரிங்கிட்). நாலு கட்டம்: எந்த இடம், என்ன வேண்டும், எவ்வளவு, யார் ஏற்றுக்கொண்டார். வேலை முடிந்தால் குறுக்கே சிவப்புக் கோடு. வெள்ள நேரத்தில் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் அதைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் போட்டுப் புலனத்தில் விடுவது ஒரே ஓர் ஆள். மாவட்டக் கூட்டத்துக்குப் போய் உட்கார மலாய் சரளமாகப் பேசும் ஓர் ஆசிரியையைக் கேட்டு, அவரும் சரி என்றிருக்கிறார். சீனர் சங்கத் தலைவரிடமும் மசூதிக் குழுவிடமும் பேசிவிட்டோம். சீனர் சங்கத்தார் தங்களிடம் ஏற்கெனவே இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள் கிளப் பையன்கள் இன்னும் பிடி கொடுக்கவில்லை. “பலகையில எழுதி, பேசி, அப்புறம் போறதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும் அங்கிள்” என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கூட்டம் போட்டே காலத்தை ஓட்டுகிறார்கள் என்ற குறை ஐநாவின் அந்தக் கிளஸ்டர் முறையின் மீதும் உண்டு. அதனால்தான் கால் மணி நேரம் என்று கறாராக வைத்திருக்கிறோம், நின்றுகொண்டேதான் பேச வேண்டும், நாற்காலி கிடையாது.

தங்கை மகனுக்கு அன்றைக்கே பதில் போட்டேன். தேதி, நேரம் போட்டு, “லாபிஸில் வெள்ளம் இல்லை. இந்தச் செய்தி 2023இல் எழுதியது. உனக்கு அனுப்பியவருக்கும் இதைத் திருப்பி அனுப்பு” என்று எழுதினேன். கொஞ்ச நேரம் நீலக் குறி மட்டும் தெரிந்தது. அப்புறம் பதில் வந்தது.

“ஐயோ மாமா, ரெண்டு பாக்கெட் வாங்கிட்டேனே. எல் சைஸ்.”