பழைய மீன்தொட்டிக்கு எதை வைத்து விலை சொல்வது?

பயன்படுத்திய பெரிய மீன்தொட்டி ஒன்றை வாங்கலாம் என்று இறங்கியதிலிருந்து, சொல்லப்படும் விலை நியாயமானதுதானா என்று கணிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. விற்பவர்கள் புதிதாக வாங்கியபோது கொடுத்த தொகையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்; குறைத்துக் கேட்டால், அடிமாட்டு விலைக்குக் கேட்பதாகச் சொல்கிறார்கள். தொட்டிக்கு எத்தனை வயது, கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், கடைசியாக எப்போது தண்ணீர் நிரப்பினார்கள் என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் வருவதில்லை.

120 செ.மீ. நீளமும், அகலமும் உயரமும் 45 செ.மீ. வீதமும் உள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் 243 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 243 கிலோ. அந்த அழுத்தத்தில் கண்ணாடிகளை விலகாமல் பிடித்திருப்பது சிலிக்கோன் பசைதான். நேற்றுப் பார்த்த தொட்டியின் உள்மூலையில் அந்தப் பசை, நகத்தால் லேசாக நெருடியதுமே நூல்போல உரிந்து வந்தது. உப்புக்கறை வினிகரில் துடைத்தால் போய்விடும், அதற்காக நான் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பாசியைச் சுரண்டும்போது மணல் சிக்கி விழுந்த கீறல்கள் அப்படித் துடைத்தால் போகாது. தாங்கியின் அடிப்பலகையும் ஊறி உப்பியிருந்தது.

ஒருநாள் முழுவதும் தண்ணீர் நிரப்பி வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அதை விற்பவர் "வடிகட்டி, ஹீட்டர், விளக்கு எல்லாம் சேர்த்துத்தானே தருகிறேன்" என்றார். ரப்பர் வளையம் இறுகிப்போன வடிகட்டியை எப்படி முழு விலைக்குக் கணக்கிடுவது? பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, காயவிட்டுச் சோதிக்கும் வேலை என் தலையில் விழும்போது, அந்தச் செலவைக் கழித்துக் கேட்பது எப்படி அடிமாட்டு விலைக்குக் கேட்பதாகும்?